ஹோஸ் பைப்பும் அம்மாவின் திட்டும்

தோட்டத்து ஹோஸ் பைப்பைத் தண்ணி வடிக்காம சுருட்டிப் போட்டா அம்மாகிட்ட திட்டு நிச்சயம் :-) ஆனா ஒரு காலத்துல இது உயிர்ப் பிரச்னை மக்களே!

வாளி வாளியா தண்ணி ஊத்தித் தீயணைச்ச காலம். 1672-ல் ஆம்ஸ்டர்டாமில் யான் வான் டெர் ஹெய்டன் என்கிற ஓவியர், தன் சகோதரரோட சேர்ந்து தோலில் தைத்த தீயணைப்புக் குழாயைக் கொண்டுவந்தார். 1690-ல் அதைப் பத்திப் படங்களோட புத்தகமும் போட்டார்.

தோல் ஈரத்தோட கிடந்தா அழுகும். ரொம்பக் காய்ஞ்சா வெடிக்கும். எண்ணெய் தடவிக் காப்பாத்தணும். பின்னாடி வந்த துணிக் குழாய்லயும் ஈரம் நின்னா பூஞ்சைதான். அதனாலேயே பல தீயணைப்பு நிலையங்கள்ல உயரமா கோபுரம் கட்டி, குழாயைத் தொங்கவிட்டு உலர்த்தினாங்க. அன்னிக்குச் சோம்பேறித்தனமா சுருட்டி வச்ச குழாய், அடுத்த தீயில பொத்துக்கிட்டா யாரோ ஒருத்தர் வீடு போச்சு.

நம்ம பிளாஸ்டிக் குழாய் அழுகாதுதான். இருந்தாலும் இருங்க, வடிச்சுட்டு வந்துடறேன்!