கோட்டுக்குள் அடங்காத குரல்: பறவையொலிக் குறியீடுகளின் வரலாறு (1650–1958)

ஆய்வுச்சுருக்கம்

பறவையொலியைக் கண்ணுக்குப் புலப்படுத்த ஐரோப்பாவில் மேற்கொள்ளப்பட்ட நான்கு முயற்சிகளை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. இவ்வரலாற்றைப் பிழையிலிருந்து துல்லியத்தை நோக்கிய நேர்கோட்டு வளர்ச்சியாகக் கொள்வது பொருந்தாது. ஒவ்வொரு குறியீடும் எதைப் பதிவு செய்தது, எதை விடுத்தது என்பதே ஆராயத்தக்கது என நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: பறவையொலி, இசைக்குறியீடு, கிர்ஷர், கிளே, மெசியான்

முன்னுரை

மேற்கத்திய ஐந்துகோட்டு இசைக்குறியீடு மனிதக் குரலுக்கும் மனிதர் செய்த கருவிகளுக்கும் உருவானது. படிப்படியாக அமைந்த சுரங்களையும் அவற்றின் கால அளவையும் அது தெளிவாகக் காட்டும். பறவையோ சுரங்களுக்கு இடையே வழுக்கிச் செல்கிறது. அரைச்சுரத்தினும் நுண்ணிய இடைவெளிகளில் பாடுகிறது. இம்முரண்பாடே புதிய குறியீடுகளைத் தோற்றுவித்தது.

கிர்ஷரின் படத்தாள்

இயேசு சபைத் துறவியான அத்தனாசியஸ் கிர்ஷர் 1650இல் உரோமில் வெளியிட்ட ‘முசுர்கியா யூனிவர்சாலிஸ்’ நூலில் பறவைகளுக்கென ஒரு படத்தாள் உள்ளது. நைட்டிங்கேல், சேவல், கோழி, குக்கூ, காடை ஆகியவற்றின் குரல்கள் சுரக்குறிகளாக எழுதப்பட்டுள்ளன. கிளியின் அருகிலோ கிரேக்க வாழ்த்துச்சொல் ஒன்று காணப்படுகிறது. குக்கூவின் இரு சுரங்கள் கோட்டுக்குள் எளிதில் அமைகின்றன. நைட்டிங்கேலுக்கோ நீண்ட வரிகள் தேவைப்படுகின்றன. பறவையின் உருவத்தையும் உடன் வரைந்தமை வெறும் அணிசெயல் அன்று. எந்தத் தொண்டையிலிருந்து ஒலி எழுகிறது என்பதைச் சுரக்குறி சொல்லாது. அவ்விடத்தை ஓவியம் நிரப்புகிறது.

கிளேயின் கம்பி

இசை ஆசிரியரின் மகனும் வயலின் கலைஞருமான பால் கிளே, பௌஹவுஸ் கலைப்பள்ளியில் கற்பித்தபோது, பாக் இயற்றிய இசைப்பகுதியொன்றை வரைபடமாக மாற்றி மாணவர்க்கு விளக்கினார். 1922இல் அவர் படைத்த ‘கீச்சிடும் எந்திரம்’ என்னும் ஓவியத்தில் நான்கு பறவைகள் கைப்பிடியுடன் கூடிய கம்பியில் அமர்ந்துள்ளன. கம்பியை இசைக்கோடாகவும் பறவைத் தலைகளைச் சுரக்குறிகளாகவும் காண இடமுண்டு. அவற்றின் வாயிலிருந்து நீளும் வடிவங்கள் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. இவற்றைப் பார்த்து எவரும் பாடவியலாது. ஆயினும் ஒவ்வொரு குரலும் தனித்தது என்பதை, ஐந்துகோட்டுக் குறியீடு விடுத்ததை, இவ்வோவியம் உணர்த்துகிறது. கைப்பிடியோ அக்குரல்களை எந்திரத்திற்குள் அடைக்கும் மனித விருப்பத்தை எள்ளுகிறது.

எந்திரம் வரைந்த ஒலி

1940களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மனிதப் பேச்சை ஆராய உருவான ஸ்பெக்ட்ரோகிராப் கருவி ஒலியைத் தானே வரைந்தது. கிடைமட்டம் காலத்தையும் செங்குத்து அதிர்வெண்ணையும் கருமை ஒலியின் வலிமையையும் குறித்தன. 1950களில் கேம்பிரிட்ஜில் டபிள்யூ. எச். தோர்ப் இதனைப் பயன்படுத்தி, தனித்து வளர்க்கப்பட்ட சாஃபின்ச் பறவைகளின் பாட்டு முழுமை பெறவில்லை எனக் காட்டினார். பாட்டின் ஒரு பகுதி கற்றுப் பெறப்படுவது என்பதை இவ்வரைபடங்களின் ஒப்பீடு புலப்படுத்தியது. ஆனால் வழுக்கலையும் நுண்ணிடைவெளியையும் காட்டும் அவ்வரைபடத்தைப் பார்த்து இசைக்கலைஞர் எளிதில் வாசித்துவிட இயலாது.

மெசியானின் ஒப்புதல்

இதே பத்தாண்டில் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான் வயல்வெளிகளில் பறவையொலியைக் கேட்டுத் தாமே எழுதினார். 1956–58இல் பியானோவுக்காக இயற்றிய ‘பறவைகளின் பட்டியல்’ 13 பகுதிகள் கொண்டது. மனிதக் கைகள் வாசிக்குமாறு வேகத்தைக் குறைத்ததையும், ஒலியைக் கீழ் ஸ்தாயிக்கு இறக்கியதையும், நுண்ணிய இடைவெளிகளை விகிதம் மாறாமல் விரித்ததையும் அவர் மறைக்கவில்லை. இழந்த குரல்தன்மையைச் சுரக்கூட்டுகளால் ஈடுசெய்தார். பகுதிகளுக்கு முன் நிலக்காட்சியையும் பொழுதையும் சொற்களால் விவரித்தார். கிர்ஷரிடம் ஓவியம் ஆற்றிய பணியை இங்கு உரைநடை ஆற்றுகிறது.

முடிவுரை

பிற்காலக் கருவி முற்காலக் குறியீட்டைப் பயனற்றதாக்கிவிடவில்லை. ஸ்பெக்ட்ரோகிராப் கிடைத்த காலத்திலும் மெசியான் ஐந்துகோட்டையே கையாண்டார். ஏனெனில் அவர் தேடியது ஒலியின் சான்றை அன்று, மீண்டும் ஒலிக்கச் செய்யும் வழியை. ஒப்பிடுவதற்கு வரைபடமும் வாசிப்பதற்குச் சுரக்குறியும் குரலின் தனித்தன்மையை உணர்வதற்கு ஓவியமும் பயன்பட்டன. எனவே ஒரு குறியீட்டை மதிப்பிடுமுன், அது யாருடைய எச்செயலுக்காக உருவானது என வினவுதல் வேண்டும். துல்லியம் என்பது அவ்வினாவுக்குப் பின்னரே பொருள்பெறும் சொல்லாகும்.