பிரிட்டன் பொதுத் தேர்தல்: கருத்துக் கணிப்புகள் சொல்வதும் சொல்லாததும்

பிரிட்டனில் பொதுத் தேர்தல் நெருங்கும்போது, ஏறத்தாழ நாள்தோறும் ஒரு கருத்துக் கணிப்பு வெளியாவது வழக்கம். எந்தக் கட்சிக்கு வாக்களிப்பீர்கள், தலைவர்களின் செயல்பாடு திருப்தி அளிக்கிறதா, நாட்டின் முக்கியப் பிரச்னை எது என்பவையே அவற்றில் கேட்கப்படும் முதன்மையான கேள்விகள். வெற்றி பெறுவது யார் என்பதை இக்கணிப்புகள் பல முறை சரியாகக் கணித்துள்ளன. சில முறை தவறியும் உள்ளன. அந்த வெற்றியின் பின்னணியில் உள்ள ஆதரவு எவ்வளவு உறுதியானது என்பது வேறு கேள்வி. இந்த வேறுபாட்டுக்கு 2024 ஜூலை 4-ஆம் தேதி நடைபெற்ற தேர்தல் தெளிவான எடுத்துக்காட்டு.

தேர்தல் முறை

பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கீழவையில் 650 இடங்கள் உள்ளன. இந்தியாவைப் போலவே, தொகுதியில் அதிக வாக்குகள் பெறும் வேட்பாளரே வெற்றி பெறுவார். பெரும்பான்மைக்கு 326 இடங்கள் தேவை. பிரிட்டன், அயர்லாந்து குடிமக்களுடன், அங்கு உரிய அனுமதியுடன் வசிக்கும் இந்தியா, இலங்கை உள்ளிட்ட காமன்வெல்த் நாடுகளின் குடிமக்களும் பதிவு செய்து வாக்களிக்கலாம்.

2024 தேர்தலுக்கு முந்தைய மனநிலை

2010 முதல் ஆட்சியில் இருந்த கன்சர்வேட்டிவ் கட்சி, 14 ஆண்டுகளில் டேவிட் கேமரூன், தெரசா மே, போரிஸ் ஜான்சன், லிஸ் டிரஸ், ரிஷி சுனக் என ஐந்து பிரதமர்களைக் கண்டது. கரோனா பொதுமுடக்க விதிகளை மீறியதற்காக ஜான்சனுக்குக் காவல் துறை அபராதம் விதித்தது. 2022 செப்டம்பரில் டிரஸ் அரசு அறிவித்த வரிக் குறைப்புத் திட்டம் நிதிச் சந்தையைக் கலங்கடித்தது. அவர் 49 நாள்களே பதவியில் நீடித்தார். அதே ஆண்டு அக்டோபரில் பணவீக்கம் 11.1 சதவீதத்தைத் தொட்டது.

பின்னர் பொறுப்பேற்ற சுனக்கின் காலத்தில் பணவீக்கம் குறைந்தபோதிலும் அதிருப்தி தணியவில்லை. வாழ்க்கைச் செலவு, அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைக்கான நீண்ட காத்திருப்பு, குடியேற்றம் ஆகியவை வாக்காளர்களின் முதன்மைக் கவலைகளாகக் கணிப்புகளில் தொடர்ந்து இடம்பெற்றன.

2024 மே 22-ஆம் தேதி, கொட்டும் மழையில் சுனக் தேர்தலை அறிவித்தபோது, தொழிலாளர் கட்சி கணிப்புகளில் ஏறத்தாழ 20 புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. ஜூன் 3-ஆம் தேதி நைஜல் ஃபராஜ், ரிஃபார்ம் யுகே கட்சியின் தலைமையை ஏற்றுக் களமிறங்கினார். பத்து நாள்களில் யூகவ் நிறுவனத்தின் கணிப்பு ஒன்று, அக்கட்சி 19 சதவீத ஆதரவுடன் கன்சர்வேட்டிவ் கட்சியை ஒரு புள்ளி முந்தியதாகக் காட்டியது.

வாக்களிக்கும் காரணம்

தலைவர்கள் மீதான மதிப்பீட்டில் சுனக் மிகவும் பின்தங்கியிருந்தார். எனினும் தொழிலாளர் கட்சித் தலைவர் கியர் ஸ்டார்மர் மீதும் பெரும் ஈர்ப்பு தென்படவில்லை. தொழிலாளர் கட்சிக்கு வாக்களிக்க இருந்தவர்களிடம் யூகவ் நிறுவனம் காரணம் கேட்டபோது, ஏறத்தாழ பாதிப் பேர் கன்சர்வேட்டிவ் கட்சியை ஆட்சியிலிருந்து அகற்றுவதையே குறிப்பிட்டனர். கட்சியின் கொள்கைகளைக் காரணமாகக் கூறியவர்கள் 5 சதவீதத்தினர் மட்டுமே.

கணிப்பு எடுக்கும் முறை

பிரிட்டனில் தற்போது பெரும்பாலான கணிப்புகள் இணையம் வழியாகவும், சில தொலைபேசி வழியாகவும் எடுக்கப்படுகின்றன. வழக்கமாக 1,000 முதல் 2,000 பேரிடம் கருத்துக் கேட்கப்படும். வயது, பாலினம், கல்வி, வசிப்பிடம், முந்தைய தேர்தலில் வாக்களித்த கட்சி ஆகியவற்றுக்கு ஏற்ப விடைகள் சரிசெய்யப்படும். பிழை வரம்பு பொதுவாக 3 புள்ளிகள் வரை இருக்கலாம். வடக்கு அயர்லாந்தில் போட்டியிடும் முதன்மைக் கட்சிகள் வேறு என்பதால், பெரும்பாலான கணிப்புகள் அப்பகுதியை உள்ளடக்குவதில்லை.

நாடு தழுவிய சதவீதத்தைக் கொண்டு தொகுதிவாரி முடிவை அறிய இயலாது. இதற்காகப் பல்லாயிரக்கணக்கானோரிடம் கருத்துக் கேட்டு, எத்தகைய வாக்காளர் எந்தக் கட்சியை ஆதரிக்கிறார் என்பதைக் கணக்கிட்டு, ஒவ்வொரு தொகுதியின் மக்கள்தொகை விவரங்களுடன் பொருத்திப் பார்க்கும் முறை இப்போது பரவலாகியுள்ளது. 2017-இல் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்காது என்பதை யூகவ் நிறுவனம் இம்முறையில் முன்கூட்டியே கூறியது.

தவறிய கணிப்புகள்

1992-இல் இரு பெரிய கட்சிகளும் சமநிலையில் இருப்பதாகக் கணிப்புகள் கூறின. கன்சர்வேட்டிவ் கட்சி 7 புள்ளிகளுக்கு மேல் முன்னிலை பெற்று வென்றது. 2015-இலும் இழுபறி கணிக்கப்பட்ட நிலையில் அக்கட்சி 331 இடங்களைப் பிடித்தது. கருத்துக் கேட்கப்பட்டவர்கள் ஒட்டுமொத்த வாக்காளர்களைச் சரியாகப் பிரதிபலிக்காததே 2015 தவறுக்கு முதன்மைக் காரணம் என, பேராசிரியர் பேட்ரிக் ஸ்டர்கிஸ் தலைமையிலான விசாரணைக் குழு கண்டறிந்தது.

2024-இல் வெற்றி பெறும் கட்சியைக் கணிப்புகள் சரியாகச் சொல்லின. ஆனால், இறுதிக் கட்டக் கணிப்புகளில் பெரும்பாலானவை தொழிலாளர் கட்சிக்கு 15 புள்ளிகளோ அதற்கும் அதிகமோ முன்னிலை அளித்தன. உண்மையான முன்னிலை 10 புள்ளிகளே.

வாக்கு வேறு, இடம் வேறு

தொழிலாளர் கட்சி 33.7 சதவீத வாக்குகளுடன் 411 இடங்களில் வென்றது. கன்சர்வேட்டிவ் கட்சி 23.7 சதவீதத்துடன் 121 இடங்களாகச் சுருங்கியது. ரிஃபார்ம் யுகே 14.3 சதவீத வாக்குகள் பெற்றும் 5 இடங்களே கிடைத்தன, 12.2 சதவீதம் பெற்ற லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 72 இடங்கள் கிடைத்தன.

2019-இல் தோல்வியடைந்தபோது தொழிலாளர் கட்சிக்கு ஒரு கோடியே 2 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கிடைத்தன. மாபெரும் வெற்றி பெற்ற 2024-இல் கிடைத்தவையோ சுமார் 97 லட்சம். வாக்குப்பதிவும் 59.7 சதவீதமாகக் குறைந்தது. கன்சர்வேட்டிவ் வாக்குகள் பல திசைகளில் சிதறியதே இட எண்ணிக்கையை உயர்த்தியது.

தேசியப் போக்குக்கு மாறான முடிவுகளும் வந்தன. இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் லெஸ்டர் கிழக்குத் தொகுதியைக் கன்சர்வேட்டிவ் வேட்பாளர் ஷிவானி ராஜா கைப்பற்றினார். பக்கத்துத் தொகுதியான லெஸ்டர் தெற்கில், காஸா போர் குறித்த அதிருப்தியின் பின்னணியில், தொழிலாளர் கட்சியின் மூத்த தலைவர் ஜோனத்தன் ஆஷ்வொர்த் சுயேச்சையிடம் தோற்றார். லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்ட்-போ தொகுதியில், இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் மகளான உமா குமரன் தொழிலாளர் கட்சி சார்பில் வென்றார்.

விதிமுறைகள்

இந்தியாவில் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் கருத்துக் கணிப்புகளை வெளியிடத் தடை உள்ளது. பிரிட்டனில் அத்தகைய தடை இல்லை. ஆனால், வாக்களித்து வெளியே வருவோரிடம் எடுக்கப்படும் கணிப்பை இரவு 10 மணிக்கு வாக்குப்பதிவு முடியும் முன் வெளியிடுவது குற்றமாகும். 2024-இல் அக்கணிப்பு தொழிலாளர் கட்சிக்கு 410 இடங்களைக் கணித்தது. முடிவுக்கு ஓரிடமே வேறுபாடு.

தேர்தலுக்குப் பின்

ஓராண்டுக்குள் காட்சி மாறியது. ரன்கார்ன்-ஹெல்ஸ்பி தொகுதியில் 2024-இல் தொழிலாளர் கட்சி 14,000-க்கும் அதிகமான வாக்குகள் வித்தியாசத்தில் வென்றிருந்தது. 2025 மே 1-ஆம் தேதி நடைபெற்ற இடைத்தேர்தலில் ரிஃபார்ம் யுகே அதனை 6 வாக்குகள் வித்தியாசத்தில் கைப்பற்றியது. அதே நாளில் நடந்த உள்ளாட்சித் தேர்தல்களில் அக்கட்சி 677 இடங்களைப் பிடித்தது.

இம்மாற்றத்துக்கான அறிகுறி 2024 கணிப்புகளிலேயே இருந்தது. கட்சிகளின் ஆதரவு சதவீதத்தில் அது தென்படவில்லை. வாக்களிக்கும் காரணம் குறித்த கேள்விக்குக் கிடைத்த விடையில்தான் தென்பட்டது.