ஓப்பன் ஆபீஸ் – லிப்ரே ஆபீஸ் பிளவு

கட்டற்ற மென்பொருளின் பெயர் யாருக்குச் சொந்தம், உழைத்தவர்கள் யார் பக்கம் என்ற வழக்கில் ஜெர்மனி கண்ட பெரிய பிரிவினை இது. மார்கோ பெரீஸ் இளம் வயதில் லூனபர்க்கில் தொடங்கிய ஸ்டார் டிவிஷன் நிறுவனத்தின் ஸ்டார் ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருள்தான் இதற்கு வேர். அமெரிக்காவின் சன் நிறுவனம் 1999-இல் அதை வாங்கி, மறு ஆண்டே மூலநிரலைத் திறந்துவிட்டது. 'ஓப்பன் ஆபீஸ்' என்ற வணிகப்பெயர் வேறொருவரிடம் இருந்ததால் 'டாட் ஆர்க்' என்று வால் ஒட்ட வேண்டியதாயிற்று. பெயர்ச் சிக்கல் பிறவியிலேயே இருந்தது. சன்னின் ஹாம்பர்க் அலுவலகத்தில் சம்பளக்காரர்கள் நிரல் எழுத, மொழிபெயர்ப்பிலும் சோதனையிலும் தன்னார்வலர்கள் உழைத்தனர்.

2010-இல் சன் நிறுவனம் ஆரக்கிளின் கைக்குப் போனது. செப்டம்பர் 28 அன்று தன்னார்வலர்கள் டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற தனி அமைப்பை அறிவித்தனர். பழைய பெயரை நன்கொடையாகத் தாருங்கள் என்று ஆரக்கிளைக் கேட்டார்கள். அதுவரை புழங்கத்தான் லிப்ரே ஆபீஸ் என்ற பெயர். ஆரக்கிள் பெயரைத் தரவில்லை. இரு படகில் கால் வைக்கலாகாது என்று, புதிய அமைப்பில் சேர்ந்தோரைப் பழைய ஆட்சிக்குழுவிலிருந்து விலகவும் சொன்னது. ஜெர்மன் மொழிக் குழுவில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கூட்டாக வெளியேறினர். ஜெர்மன் சட்டப்படி அறக்கட்டளை அமைக்கத் தேவைப்பட்ட 50,000 யூரோ மூலதனம் 2011 பிப்ரவரியில் எட்டே நாளில் நன்கொடையாகச் சேர்ந்தது. பெர்லினில் பதிவு முடிய மறு ஆண்டு பிப்ரவரி ஆயிற்று.

பழைய பெயர் 2011 ஜூனில் அப்பாச்சி அறக்கட்டளைக்குப் போனது. ஹாம்பர்க் குழுவினர் சிலர் ஐபிஎம்மில் சேர்ந்து அப்பாச்சி திட்டத்திலேயே பணியைத் தொடர்ந்தனர். அவர்களைத் துரோகிகள் என்பது நியாயமில்லை. பத்தாண்டு கட்டிய வீட்டை விட மனம் வராதவர்கள் அவர்கள். ஹாம்பர்க்கின் இன்னொரு சங்கத்துக்கு அந்தப் பெயரும் கிட்டவில்லை; 2012 தொடக்கத்தில் தன் பதிப்பை 'ஒயிட் லேபிள் ஆபீஸ்' என்றே வெளியிட்டது. உரிமங்களின் வேறுபாட்டால் அப்பாச்சி நிரலை லிப்ரே ஆபீஸ் எடுத்துக்கொள்ளலாம், லிப்ரே ஆபீஸ் நிரலை அப்பாச்சி எடுத்துக்கொள்ள வழியில்லை. புதுமைகள் ஒருபக்கமாகக் குவிந்ததற்கு இதுவும் காரணம்.

சண்டை பிறகு லிப்ரே ஆபீஸ் வீட்டுக்குள்ளும் வந்தது. நிறுவனங்கள் காசு கொடுத்து ஆதரவுச் சேவை வாங்கட்டும் என்று 2020-இல் இலவசப் பதிப்புக்குப் 'பெர்சனல் எடிஷன்' என்று பெயரிடத் திட்டமிட்டனர். பள்ளிகளும் அலுவலகங்களும் பயன்படுத்தக் கூடாதா என்று தொண்டர்கள் கொதித்தனர். 7.0 பதிப்பு வெளியாகும் முன்பே அச்சொல் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு 7.1-இல் 'கம்யூனிட்டி' என்ற ஒட்டு வந்து சேர்ந்தது.