டம்ளர் என்ன பாவம் செய்தது?



பேரிலேயே வடைக்கு மாவு வச்சிருக்கிற ஊருங்க இது. (சிரிப்பு) சென்னையிலிருந்து திருச்சிக்குப் போற பஸ்ஸும் இந்த வழிதான், சேலத்துக்குச் சாலை பிரியிறதும் இங்கேதான். டீக்கு வண்டி நிக்கும். ஐம்பது பேர் இறங்குவாங்க, ஐம்பது கப் கையில. விசில் ஊதினதும் பயணி திருச்சிக்குப் போயிடறார். கப் மட்டும் உளுந்தூர்பேட்டையிலேயே குடியேறிடுது! (கைதட்டல்)

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். "தூக்கி எறியிறது நேத்து வந்த பழக்கமா? வாழை இலையைக் கழுவியா வைக்கிறோம்?" நியாயமான கேள்விதான். அவருக்கு ஆதரவா நானே ஒரு சாட்சி சொல்றேன். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் 2019-ஆம் ஆண்டு ஒரு களிமண் கோப்பையைக் காட்சிக்கு வைத்தார்கள். கிரேக்க நாட்டுக் கிரீட் தீவில் கிடைத்தது. வயது ஏறத்தாழ 3,500 ஆண்டு. கைப்பிடி கூடக் கிடையாது. விருந்தில் குடித்துவிட்டு எறிந்துவிட்டுப் போன கோப்பை. ஆக, எறியிற புத்தி மனுஷனுக்குப் பழசுதான்.

ஆனா வாழை இலையை எறிஞ்சா மாடு தின்னுது, அது பாலாகி வீட்டுக்கே திரும்பி வருது. மந்தார இலையைத் தைச்சுச் சாப்பிட்டு எறிஞ்சா மண்ணாகுது. தெர்மாகோல் தட்டையும் மாடு தின்னத்தான் செய்யும். அது வயித்துலேயே தங்கிடும். அதனால வாழை இலையை எங்கள் அணிக்கு விட்டுடுங்க. (சிரிப்பு)

காகிதக் கோப்பை பிறந்த கதையைச் சொல்லணும். அமெரிக்காவில் ரயில்லயும் பள்ளிக்கூடத்திலயும் தண்ணித் தொட்டி பக்கத்தில ஒரே ஒரு தகரக் குவளை தொங்கும். வர்றவங்க எல்லாரும் அதிலேயே குடிப்பாங்க. காசநோய்க்காரர் குடிப்பார், அடுத்து குழந்தை குடிக்கும். 1907-ல் பாஸ்டன் நகரத்து வக்கீல் லாரன்ஸ் லூயெல்லன் காகிதக் கோப்பையைக் கண்டுபிடித்தார். 1909-ல் கான்சாஸ் மாநிலம் பொதுக் குவளையையே தடை செய்தது. உயிரைக் காப்பாத்தத்தான் அந்தக் கோப்பை பிறந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் நம்ம நாட்டில குவளையின் கதை வேறங்க. வெள்ளைக்காரன் காலத்து ரயில் நிலையத்தில் "இந்து தண்ணீர்", "முஸ்லிம் தண்ணீர்" என்று தனித்தனியாக ஊற்றினார்கள். கிருமி மதம் பார்த்தா வருது? நம்ம தமிழ்நாட்டு டீக்கடைகளில் இரட்டைக் குவளை. ஒரு டம்ளர் பெஞ்சில உட்கார்ந்து குடிக்கிறவருக்கு. இன்னொன்று கூரையில செருகியிருக்கும். குடிக்கிறவரே எடுத்து, குடிச்சு, அவரே கழுவி, அங்கேயே வைக்கணும். 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. அப்புறம் சில ஊர்களில் என்ன பண்ணினாங்க தெரியுமா? ஒரு சாராருக்குக் கண்ணாடி டம்ளர், இன்னொரு சாராருக்குத் தூக்கி எறியும் பிளாஸ்டிக் கப்! சட்டமும் கேட்க முடியாது, சாதியும் போகாது.

எதிரணியில் அம்மா ஒருவர், "ஒருமுறைக் கப் வந்த பிறகுதான் டீக்கடையில எல்லாரும் சமம் ஆனோம்" என்றார்கள். அம்மா, ஒருத்தர் வாய் வச்ச குவளையில இன்னொருத்தர் வாய் வைக்க வேண்டாம்னு ஆளுக்கொரு கப் கொடுத்ததா சமத்துவம்? கழுவின ஒரே டம்ளர்ல இன்னிக்கு அவரும் நாளைக்கு நானும் குடிக்கிறோமே, அதுதானம்மா சமத்துவம்! டம்ளர் என்ன பாவம் செய்தது? அதைப் பிரிச்சு வச்ச கையைக் கேளுங்க. (பலத்த கைதட்டல்)

மண் குவளையைப் பற்றியும் சொன்னார்கள். 2004-ல் ரயில்வே அமைச்சராக இருந்த லாலு பிரசாத் ஸ்டேஷன்களில் பிளாஸ்டிக்குக்குப் பதிலாக மண் குவளையைக் கொண்டுவந்தார். குயவருக்குப் பிழைப்பு, நல்ல எண்ணம். ஆனா சுட்ட மண் திரும்பக் களிமண் ஆகாது. ஒரே ஒரு டீக்காக அதைச் சுட விறகும் வேணும்.

இப்போ கணக்குக்கு வருவோம். 1994-ல் கனடாவில் மார்ட்டின் ஹாக்கிங் என்கிற வேதியியல் பேராசிரியர் செலவாகும் எரிசக்தியைக் கணக்குப் போட்டார். ஒரு கண்ணாடி டம்ளரை 15 தடவை பயன்படுத்தினால் காகிதக் கோப்பைக்குச் சமம். தெர்மாகோல் கோப்பைக்குச் சமமாக 393 தடவை வேண்டும். எதிரணி இதைப் பெரிய ஆயுதமாக எடுத்து வந்தது. ஐயா, அவர் கழுவினது கரண்டில ஓடுற இயந்திரத்தில! டீக்கடைப் பையன் கையால கழுவுறான். ஒரு டம்ளர் நாளுக்கு இருபது டீ பார்த்தா இருபதாவது நாளே 400 ஆச்சு. கடன் தீர்ந்து போச்சு!

இதோ இந்தச் சாலையிலேயே நேரே போனா சேலம். அங்கே உருக்காலைக்கு 1970-ல் அடிக்கல் நாட்டி, 1981-ல் உற்பத்தி தொடங்கியது. துருப்பிடிக்காத எஃகுத் தகடு. நம்ம வீட்டுப் பாஷையில எவர்சில்வர். பாத்திரக் கடையில பேர் வெட்டித் தருவாங்களே, ஞாபகம் இருக்கா? எங்க வீட்டில தாய்மாமன் பேர் வெட்டின சொம்பு இன்னும் இருக்கு. மாமா இல்லை. காகிதக் கப்பில யாராவது பேர் வெட்டுவாங்களா? (சிரிப்பு)

காகிதம்தானேன்னு நினைக்காதீங்க. உள்ளே மெல்லிசா பிளாஸ்டிக் பூச்சு. 2020-ல் கரக்பூர் ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் 100 மில்லி சுடுதண்ணீரைக் காகிதக் கப்பில் 15 நிமிஷம் வைத்துப் பார்த்ததில், சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலந்திருந்தன. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 பொருட்களில் இந்தப் பூச்சுக் காகிதக் கப்பும் உண்டு. 2023-ல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தடை செல்லும் என்றது. உங்க கள்ளக்குறிச்சி மாவட்டம் பிறந்தது 2019 நவம்பர் 26. தடைக்கு அப்புறம் பிறந்த பிள்ளை!

(நடுவர் மணி அடிக்கிறார்)

முடிச்சிடறேன், ஒரே நிமிஷம். "எச்சில் டம்ளரில் நோய் வரும், அதுக்கு என்ன பதில்?" என்று கேட்டீங்க. உண்மைதான், வாளித் தண்ணியில முக்கி எடுத்தா வரும். டீக்கடையில காலையிலிருந்து ராத்திரி வரை பாய்லர் கொதிச்சுக்கிட்டே இருக்கே, அதில ஒரு செம்பு வெந்நீர் பிடிச்சு டம்ளரைக் கழுவ என்ன செலவு? எதிரணியிலிருந்து அடுத்து வர்றவர் அந்தக் கணக்கைச் சொல்லட்டும்.