நித்திய கல்யாணியும் சுடுகாட்டு மல்லியும் ஒரே செடிதான்

திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கம் பஸ்ஸில் போகும்போது சாலையோரத்திலும் இடிந்த மதில் இடுக்கிலும் ரோஸ் நிறத்தில் ஒரு சின்னப் பூவைப் பார்த்திருப்பீர்கள். ஐந்து இதழ், நடுவில் குங்குமப் பொட்டு வைத்த மாதிரி ஒரு புள்ளி. பள்ளிக்கூடத் தோட்டத்தில் இருந்தால் அதை நித்திய கல்யாணி என்போம். ஊருக்கு வெளியே இருந்தால் சுடுகாட்டு மல்லி. வெள்ளையாகப் பூப்பதும் இதன் இன்னொரு நிறமே.

மல்லி என்று சொன்னாலும் மல்லிகைக் குடும்பம் அல்ல, அரளியின் உறவு. தெலுங்கர்கள் இதைச் சரியாகப் பிடித்து 'பில்ல கன்னேரு' என்கிறார்கள். கன்னேரு என்றால் அரளி. மலையாளத்தில் இதற்குள்ள ஒரு பெயர் 'சவம்நாறி'. நம் பெயரே தேவலை! இந்திக்காரர்களுக்கு 'சதாபஹார்', அதாவது எப்போதும் வசந்தம். நித்திய கல்யாணி என்பதும் அதே பொருள்தான்: நாள்தோறும் மங்கலம். திருவிடந்தையில் நித்ய கல்யாணப் பெருமாள் இருக்கிறாரே, அதே சொல்.

சுடுகாட்டுக்கு இது எப்படிப் போனது? பேயும் இல்லை, பிசாசும் இல்லை. இலை கசப்பு, ஒடித்தால் பால் வரும்; ஆடு மாடு வாய் வைக்காது. தண்ணீர் ஊற்ற வேண்டாம். விதை தானே சிதறி முளைக்கும். யாரும் ஏர் ஓட்டாத, களை பறிக்காத இடம் ஊரில் எது? மற்ற செடிகளை ஆடு மேய்ந்துவிட, இது மட்டும் மிஞ்சியது. பார்த்தவர்கள் பார்த்த இடத்தை வைத்துப் பெயர் சொன்னார்கள். அந்தப் பெயரால் வீட்டு வாசலில் வைக்கவும் தலையில் சூடவும் தயங்கினார்கள். "அதையெதுக்கு சாமி ஊட்டுக்குள்ள கொண்டாறே" என்று அதட்டிய பாட்டிகள் எல்லா ஊரிலும் உண்டு.

இதன் சொந்த ஊர் மடகாஸ்கர் தீவு. ஆகவே குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் இதைத் தேட வேண்டாம். 1759-ல் லின்னேயஸ் இதற்கு 'விங்கா ரோசியா' என்று பெயரிட்டார். 1837-ல் ஜார்ஜ் டான் அதை 'கேதராந்தஸ் ரோசியஸ்' என்று மாற்றினார். கேதராந்தஸ் என்றால் கிரேக்க மொழியில் தூய மலர். சுடுகாட்டுப் பூவுக்குக் கிடைத்த பட்டத்தைப் பாருங்கள்.

இனி நான் எழுத வந்த விஷயம். "சார், தினமும் அஞ்சு பூ மென்னா சர்க்கரை எறங்கிருமுங்களா?" என்று பழைய மாணவர்கள் இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் 'ஐயாயிரம் ஆண்டு சித்தர் ரகசியம்' என்று ஒரு படம் சுற்றுகிறது. இது கப்பலேறி வந்த செடி என்பதை மேலே பார்த்தோம்.

சர்க்கரைக்கு இதைக் குடிக்கும் வழக்கம் ஜமைக்காவிலும் இருந்தது. 1952-ல் அங்கிருந்து கனடாவில் இருந்த டாக்டர் கிளார்க் நோபிளுக்கு ஓர் உறையில் இந்த இலைகள் வந்தன. அவர் அதைத் தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தார்கள், சர்க்கரை குறையவில்லை. சாற்றை ஊசி மூலம் ஏற்றினார்கள். எலிகள் சில நாளில் கிருமித் தொற்றில் செத்தன. ஏன் என்று பார்த்தால், இரத்த வெள்ளணுக்கள் சரிந்திருந்தன. வேறு யாராவது என்றால் இலையைக் குப்பையில் போட்டிருப்பார்கள். நோபிள் யோசித்தார்: வெள்ளணு கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய்? அவரும் வேதியியலாளர் சார்லஸ் பியரும் சேர்ந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து 1958-ல் அறிவித்தார்கள். அதுதான் வின்பிளாஸ்டின். அமெரிக்காவில் எலி லில்லி நிறுவனமும் தனியாக இதே செடியை ஆராய்ந்தது. அங்கே கிடைத்த வின்கிரிஸ்டின் 1963-ல் அனுமதி பெற்றது. குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்கு மற்ற மருந்துகளோடு சேர்த்து இன்றும் அதைத்தான் கொடுக்கிறார்கள். அதற்கு முன் அந்த நோய் கண்ட பிள்ளைகள் பெரும்பாலும் பிழைத்ததில்லை. இப்போது நல்ல சிகிச்சை கிடைத்தால் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். தென்மாவட்டங்களில் இதை மானாவாரிப் பயிராகவே போட்டு இலையும் வேரும் காயவைத்து விற்கிறார்கள்.

ஒரு கிராம் மருந்துக்கே நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். 'அப்போ நாலு இலையில் என்ன ஆகப்போகிறது' என்று கேட்கலாம். இந்தச் செடியில் நூற்றுக்கு மேற்பட்ட ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. உங்கள் வாயில் போவது எது, எவ்வளவு என்று அளக்க வீட்டில் தராசு இல்லை. பின்னாளில் சில ஆய்வுகளில் விலங்குகளுக்குச் சர்க்கரை குறைந்ததாகவும் வந்திருக்கிறது. அப்படியே உங்களுக்கும் குறைந்தால், ஏற்கெனவே மாத்திரை போடுகிறவர் திடீரென மயங்கி விழவும் கூடும். கர்ப்பிணிகள் இதன் பக்கமே போகக்கூடாது.

ஆகவே மெல்லாதீர்கள், கஷாயம் வைக்காதீர்கள். ஏற்கெனவே குடித்துக்கொண்டிருப்பவர்கள் அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தொட்டியில் வைக்க ஆசைப்பட்டால் தாராளமாக வையுங்கள். வறட்சியை ஓரளவு தாங்கும். ஒடித்தால் வரும் பால் கையில் பட்டால் கழுவிக்கொள்ளுங்கள்; சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.