பாசறையும் பல்கலைக்கழகமும்: பகிடிவதை குறித்த ஒரு நோக்கு

செய்வோனுக்குப் பகிடியாகவும் படுவோனுக்கு வதையாகவும் அமையும் கொடுமையொன்றினைப் 'பகிடிவதை' என்னும் நம் சொல் ஒருங்கே உணர்த்துகின்றது. இவ்வழக்கம் கல்விக்கூடங்களுக்கே உரியதன்று. இரண்டாம் உலகப் போரின் பின்னர்ப் படிப்புக்குத் திரும்பிய போர்வீரரே பாசறை வழக்கத்தைப் பல்கலைக்கழகங்களுக்குக் கொணர்ந்தனர் என்பர். எனவே, அதன் இயல்பை அறியப் பாசறையை நோக்குதல் பொருந்தும்.

சோவியத் இராணுவத்திற் கட்டாய சேவைக்கு அழைக்கப்பட்ட புதியோரை மூத்தோர் வதைப்பது 'தெதோவ்ஷீனா' எனப்பட்டது. பாட்டனைக் குறிக்கும் சொல்லின் அடியாகப் பிறந்த பெயர் இது. 1987 பெப்ரவரியிற் கைதிகளை ஏற்றும் புகையிரதமொன்றிற் காவல்புரிந்த லித்துவேனிய இளைஞர் ஒருவர், வதை பொறாது எண்மரைச் சுட்டுக்கொன்றார். கொல்லப்பட்டோருள் படையினரல்லாத புகையிரதப் பணியாளர் ஒருவரும் அடங்குவர். இந்நிகழ்ச்சியைத் தழுவி அலெக்சாந்தர் ரொகோஷ்கின் இயக்கிய 'காவல்' என்னும் திரைப்படம் 1990இற் பெர்லின் விழாவிற் பரிசு பெற்றது. துப்பாக்கி மனிதரை வீழ்த்தியதேயன்றி வழக்கத்தை வீழ்த்தவில்லை. வெளியேற வழியற்ற இடம், மேலோரின் பாராமுகம், இன்று படுபவன் நாளை படுத்தலாம் என்னும் வாக்குறுதி ஆகிய மூன்றுமே அதனை வாழ்விப்பன.

இம்மூன்றும் மாணவர் விடுதிகளிலும் உண்டு. 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகம் கண்டிக்கு அண்மையிலுள்ள பேராதனைக்கு இடம்பெயர்ந்தபோது, விடுதி வாழ்வே அதன் சிறப்பெனப் போற்றப்பட்டது. அங்கே 1975இற் பகிடிவதைக்கு அஞ்சிய மாணவியொருவர் இராமநாதன் விடுதியின் மாடியிலிருந்து குதித்து நடமாடும் ஆற்றலை இழந்தார். 1997இற் பொறியியற் பீட மாணவர் வரப்பிரகாஷ், பகிடிவதையால் சிறுநீரகம் செயலிழந்து மாண்டார். அடுத்த ஆண்டே பாராளுமன்றம் 20ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியது. பகிடிவதைக்கு ஈராண்டு வரையும், கடுங்காயம் விளைத்தாற் பத்தாண்டு வரையும் சிறைத்தண்டனை விதிக்க அது இடமளிக்கின்றது.

சட்டம் வந்தபின்னும் வழக்கம் ஒழியவில்லை. 2002இல் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்திற் பகிடிவதையை எதிர்த்துப் பேசச் சென்ற சமந்த விதானகே என்னும் மாணவர் தாக்கப்பட்டு உயிரிழந்தார். அவர் ஏந்தியது ஆயுதமன்று, சொல்லே. ஆயினும் அச்சொல்லுக்கே வதைப்போர் அஞ்சினர். ஏனெனில், பகிடிவதை ஒருவன் வலிமையால் நிலைப்பதன்று. ஒவ்வோர் ஆண்டும் புதியோர் அதனை ஏற்றுப் பின்வருவோர்க்குக் கையளிப்பதாலேயே நிலைப்பது. சட்டம் குற்றவாளியைத் தண்டிக்கும். அக்கையளிப்பை மறுக்க வல்லவர், முதலாண்டைக் கடந்து இரண்டாம் ஆண்டில் அடியெடுத்துவைக்கும் மாணவரே ஆவர்.