அடிக்குறிப்பில் புதைந்த ஊர்கள்

1956-ஆம் ஆண்டு சூயஸ் போரின்போது இஸ்ரேலியப் படை காஸாவைக் கைப்பற்றியது. நவம்பர் 3-இல் கான் யூனுஸிலும், 12-இல் ரஃபாவிலும் ஆடவர் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். முதல் ஊரில் 275 பேர், அடுத்ததில் 111 பேர் என ஐ.நா. அறிக்கை பதிவு செய்தது. கான் யூனுஸில் எதிர்ப்பு இருந்தது என்றது இஸ்ரேல். அது முன்னரே ஓய்ந்துவிட்டது என்றனர் மக்கள். பின்னர் அச்செய்தி வரலாற்றின் அடிக்குறிப்பாய் ஒடுங்கிற்று.

மால்ட்டாவில் பிறந்த பத்திரிகையாளர் ஜோ சாக்கோ, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் அவ்வூர்களுக்குச் சென்றார். முதியோரைத் தேடிக் கேட்டவற்றைச் சித்திரங்களாகத் தீட்டி, 2009-இல் 'ஃபுட்நோட்ஸ் இன் காஸா' என்னும் ஆங்கில நூலாக்கினார். அவருடைய முந்திய 'பலஸ்தீன்' தனித்தனி இதழ்களாக வந்து, பின்னர் எட்வர்ட் சயீதின் முன்னுரையுடன் ஒரே தொகுதியாயிற்று.

சித்திரக் கதை சிறுவர்க்கு மட்டும் உரியது என எண்ணுவோர் இவற்றைப் படித்தல் வேண்டும். சொன்னவர் யார், அவர் அவ்விடத்தில் இருந்தாரா, பிறர் கூற்றோடு அது பொருந்துகின்றதா என்று ராவிகளை ஆராயும் முறையை ஹதீஸ் கலை பயின்றோர் அறிவர். சாக்கோவும் அவ்வாறே வினவுகின்றார். சாட்சியங்கள் முரண்படுமிடத்தை அவர் மறைப்பதில்லை. இரண்டையும் வரைந்து காட்டுகின்றார். அம்முகங்களைக் கண்டபின் 275 என்பது வெறும் எண்ணாக நிற்பதில்லை.

கொடிய காட்சிகள் உள்ளமையால் சிறுவரிடம் தர வேண்டா. வளர்ந்த பிள்ளைகளுடன் பெற்றோர் சேர்ந்து வாசிக்கலாம். நம் வீட்டு முதியோரிடமும் எவரும் கேளாத செய்திகள் உள்ளன. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போமாக!